எந்த ஊர், எந்தத் தேதி, யார் பார்த்தது?

ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கம் வாட்ஸ்அப் குழு இல்லாத தெருவே கிடையாது. எந்த போன் வாங்கலாம் என்று கேட்பது அங்கேதான். ரோடு திறந்துவிட்டதா என்று விசாரிப்பதும், புலியைச் சுடலாமா கூடாதா என்று சண்டை போடுவதும் அங்கேதான். மூன்றிலும் தவறு பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கிறது. கருத்தைச் சொல்லிவிடுகிறார்கள், அது எந்த இடத்தில், எந்த நாளில், யாருக்குத் தோன்றியது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

பொருள்களை எடுத்துக்கொள்வோம். "இந்த எலக்ட்ரிக் குக்கர் வேஸ்ட், சோறு நறுக்கரிசியாகவே இருக்கு" என்று ஊட்டியிலிருந்து ஒருவர் எழுதுவார். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நேரமும் தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதே குக்கரை மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் வைத்திருப்பவர் ஐந்து நட்சத்திரம் கொடுப்பார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான், ஊரை மட்டும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். (விசில் குக்கர் இல்லாமல் மலையில் பருப்பு லேசில் வேகாது என்பது இங்குள்ள பாட்டிகளுக்கு எப்போதோ தெரியும்.)

போன் பேட்டரியும் அப்படியே. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நேரத்தில் போனை வெளியே எடுத்தால் சார்ஜ் மளமளவென இறங்கும். குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடுவதால் வருவது அது. சூடு ஏறியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குள் "பேட்டரி போச்சு, யாரும் வாங்காதீங்க" என்று பத்துக் குழுவில் போட்டுவிடுவார்கள். சிக்னல் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். டவர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் எந்த போனும் தடுமாறும்.

வாங்கி இரண்டு நாளில் எழுதும் தீர்ப்பையும் தவிர்க்கலாம். லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறதா என்பது ஈரமான நாட்களில்தான் தெரியும். ஒரு மழைக்காலம் தாண்டாத கேமராவைப் பற்றி குன்னூர்க்காரர் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. அப்புறம், விற்கிற கடை மாமன் மகனுடையது என்றால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

செய்தி என்று வரும்போது இதே தவறுக்கு விலை அதிகம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. ஊர்க்காரர்கள் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு ஓடினார்கள். சிரியாவில் 2020-ல் எரிந்து விழுந்த வேறொரு ஹெலிகாப்டரின் வீடியோ, குன்னூர் விபத்து என்ற பெயரில் சுற்ற ஆரம்பித்தது. காரணம் பற்றிய தீர்ப்பும் சுடச்சுட வந்தது: சதி. முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் சதியையும் இயந்திரக் கோளாறையும் மறுத்து, வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் புகுந்ததால் நடந்தது என்றது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் அது மனிதப் பிழை என்ற வகையில் இடம்பெற்றது. விசாரித்தவர்களே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு, தேயிலைக்காட்டில் சத்தம் மட்டும் கேட்டவர் அன்றே எப்படிப் பதில் சொல்ல முடியும்? "மேகமூட்டமா இருந்தது, பெரிய சத்தம் கேட்டது" என்பது சாட்சி. அதோடு "குண்டு வெச்சிருக்காங்க" என்பதையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதினால், படிப்பவருக்கு எது பார்த்தது, எது ஊகித்தது என்று பிரிக்கவே முடியாது.

மழை அளவில் மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும் குழம்புவது இன்னொரு வாடிக்கை. 80 மி.மீ. என்றால் கனமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எண்ணை மட்டும் எழுதி, மி.மீ.யா செ.மீ.யா என்பதை விட்டால் ஊரே வீட்டைக் காலி செய்யும்.

எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது தேதியில்லாத ரோட்டுத் தகவலைப் பார்த்தால்தான். "குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவு, யாரும் வராதீங்க" என்று காலையில் வந்த செய்தி மறுநாளும் சுற்றும். கோவை ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறவர் அதை நம்பிக் கோத்தகிரி வழியாகத் திரும்புவார். தேதி, மணி, எந்த வளைவு, யார் நேரில் பார்த்தது என்ற நாலு விவரமும் இல்லாவிட்டால் அனுப்பாமல் இருங்கள். ரோடு திறந்ததும் அதே குழுவில் சொல்லுங்கள். தப்பாகப் போட்டதைச் சத்தமில்லாமல் அழிப்பதால் பயனில்லை, அது அதற்குள் எத்தனையோ கை மாறியிருக்கும். திருத்தமும் அதே வழியில் போகட்டும்.

சரி, நியாயம் பேசுகிற இடத்துக்கு வருவோம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் வர உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. "இ-பாஸால் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை" என்று அடித்துப் பேசுகிறவரின் வண்டி எண் டிஎன் 43 என்று தொடங்கும். நீலகிரி வண்டிக்கு பாஸே தேவையில்லையே! எதிர்ப்பக்கம், செவ்வாய்க்கிழமை காலை ஆளில்லாத ஏரிக்கரையைப் படமெடுத்து "ஊட்டி செத்துப்போச்சு" என்பார் ஒரு கடைக்காரர். அதற்கு முந்தைய ஞாயிறு படத்தை அவர் போடமாட்டார்.

2021 அக்டோபரில் கூடலூர், மசினகுடி பக்கம் டி23 என்று எண்ணிட்ட புலியைத் தேடியபோது, சுடலாமா கூடாதா என்ற வாக்குவாதம் உச்சத்துக்குப் போனது. நாலு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. "காடு அதனுடையது, விட்டுவிடுங்கள்" என்று சென்னையிலிருந்து எழுதுவது சுலபம். மாடு மேய்க்கப் போக முடியாமல் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அது எரிச்சல்தான். ஆனால் "கீழே இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்" என்று வாயை அடைப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் புலியைக் கொல்ல அவசரப்பட வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் மசினகுடியில் யானை மேல் தீயை எறிந்த வீடியோவையும் நினைத்துப் பாருங்கள். மலையில் இருப்பதாலேயே ஒருவர் சொல்வது நியாயமாகிவிடாது.

யானை இருக்கும் இடத்தைச் சொல்வதிலும் யாருக்கு என்பதைப் பார்க்க வேண்டும். "ஸ்கூல் வளைவுல ஆனை நிக்குது" என்று பந்தலூர் எஸ்டேட் குழுவில் காலை ஆறு மணிக்கு வரும் செய்தியால் பிள்ளைகள் பத்திரமாக நிற்பார்கள். அதே செய்தி சுற்றுலாக் குழுவுக்குப் போனால் அரை மணியில் ஜீப்புகள் வந்து நிற்கும். அங்கே அனுப்பியே ஆகவேண்டுமென்றால் இடத்தைச் சொல்லாமல் படத்தை மட்டும் அனுப்புங்கள், அதுவும் யானை போன மறுநாள்.