புரட்டிப் பார்த்தால் தெரியும்: தையலிலும் கைவினைச் சந்தையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைக்க ஆரம்பித்த புதிதில் ஒரு தலையணை உறை தைத்தேன். மேலே கனமான பருத்தித் துணி, உள்ளே பாலியெஸ்டர் லைனிங். தைத்து முடித்ததும் அவ்வளவு கச்சிதமாக இருந்தது. ஒரே ஒரு தடவைதான் துவைத்தேன். மேல் துணி சுருங்கிவிட்டது, லைனிங் அப்படியே இருந்தது. தையல் ஓடிய இடமெல்லாம் அலை அலையாகச் சுருட்டிக்கொண்டு நின்றது. தலையணையை உள்ளே திணிக்கவும் முடியவில்லை. எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அது சரியாகாது.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். அந்த விறைப்பு துணியிலேயே தங்கியிருக்கும். முதல் தடவை நனையும்போதுதான் இழை தளர்ந்து சுருங்கும். புதுப் பருத்தித் துணி நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்குவது சகஜம். ஒரு மீட்டரில் 5 சென்டிமீட்டர் போய்விட்டால் அது ஒரு தலையணை உறைக்குப் பெரிய இழப்பு. அதனால் வெட்டுவதற்கு முன்பே நனையுங்கள். சும்மா தண்ணீரில் முக்கி எடுத்தால் போதாது. தைத்து முடித்த பொருளை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அதே மாதிரி துணியையும் துவைத்துவிட வேண்டும். பின்னால் வெந்நீரில் போடுவீர்கள் என்றால் இப்போதும் வெந்நீர்தான்.

அடுத்த தவறு, துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, வெட்டுவதற்கு வழிகாட்டும் காகித அச்சைக் கோணலாகத் திருப்பி வைத்து வெட்டுவது. துணியின் கரைக்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், அதிகம் நீளாது. அதே துணியை 45 டிகிரி கோணத்தில், மூலைக்கு மூலை இழுங்கள். ரப்பர் மாதிரி நீளும். வளைவான கழுத்துக்கு வைக்கிற பட்டியை இப்படி மூலைவாக்கில் வெட்டினால்தான் அழகாகப் படியும். ஆனால் ஒரு பையின் கைப்பிடியை இப்படி வெட்டினால் பாரம் ஏற ஏற தொங்கிக்கொண்டே போகும். அச்சை வைப்பதற்கு முன் துணியைக் கையால் இழுத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தவறு வராது.

ஊசியைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. மிஷின் வாங்கியபோது அதில் இருந்த ஊசியே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஊசியின் மேல் 70, 80, 90 என்று இருக்கிற எண் அதன் தடிமன். 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். மெல்லிய துணிக்கு 70, சாதாரணப் பருத்திக்கு 80, ஜீன்ஸ் மாதிரி முரட்டுத் துணிக்கு 90 அல்லது 100. டீ-ஷர்ட் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். அது இழையைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு உள்ளே போகும். கூர் ஊசி போட்டால் துணியில் ஓட்டை விழும், தையலும் விட்டு விட்டு விழும். மொத்தம் எட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள். துணியில் இறங்கும்போது ‘டப் டப்’ என்று சத்தம் கேட்டால் அதற்கு முன்பே மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம், துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்வது. உடனே எல்லோரும் கீழ் நூல் சுற்றியிருக்கும் பாபினைக் கழற்றி ஆராய்வார்கள். சிக்கல் கீழே தெரிந்தாலும், பெரும்பாலும் காரணம் மேல் நூல்தான். மிஷினுக்குள் நூலை அழுத்திப் பிடிக்கிற இரண்டு தகடுகள் இருக்கின்றன. துணியை அழுத்தும் பாதம் மேலே தூக்கியிருந்தால் அவை திறந்திருக்கும், பாதம் கீழே இருந்தால் மூடியிருக்கும். பாதத்தை இறக்கிவிட்டு நூல் கோத்தால் நூல் தகடுகளுக்கு நடுவே போகாமல் வெளியே நின்றுவிடும். பிடிமானம் இல்லாத மேல் நூல் கீழே போய்க் குவியும். பாதத்தைத் தூக்கி மறுபடி நூல் கோத்துப் பாருங்கள், பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இஸ்திரியைக் கடைசி வேலையாக வைத்திருப்பதை நான் உண்மையிலேயே பெரிய தவறாக நினைக்கிறேன். ஒரு தையலை இன்னொரு தையல் குறுக்கே கடக்கிறது என்றால், முதல் தையல் அதற்கு முன்பே இஸ்திரி கண்டிருக்க வேண்டும். முதலில் தைத்தபடியே ஒரு அழுத்து, பிறகு தையலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஓரங்களையும் விரித்து வைத்து ஒரு அழுத்து. தேய்த்து இழுக்கக் கூடாது, இழுத்தால் துணி கோணலாகும். வீட்டில் தைத்தது, பழகிய கை தைத்தது என்று பார்த்தவுடன் தெரிகிற வித்தியாசம் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. சூட்டில் மறைகிற பேனாவால் குறி போட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பி வரலாம். தண்ணீரில் போகிற மையாக இருந்தால் அதன் மேல் இஸ்திரி வைத்துவிடாதீர்கள், நிரந்தரமாகப் பதிந்துவிடும். எதுவானாலும் முதலில் துண்டுத் துணியில் சோதித்துப் பாருங்கள்.

லைனிங் வைத்த ஜிப் பை தைக்கிறவர்களுக்கு ஒரே வரி: ஓரத்தை மூடித் தைக்கும் முன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் பையைப் புரட்டி எடுக்க வழி இருக்காது.

இதையெல்லாம் ஒரு தடவை கையால் செய்து பார்த்தவர்களுக்குக் கைவினைச் சந்தை வேறு மாதிரி தெரியும். அங்கே நடக்கிற முதல் தவறு, முதல் ஸ்டாலிலேயே பணத்தைக் கொடுத்துவிடுவது. ஒரு சுற்று முழுவதும் வேடிக்கை பாருங்கள், இரண்டாவது சுற்றில் வாங்குங்கள். கூட்டம் சேருவதற்கு முன், திறந்த முதல் மணி நேரத்தில் போவதுதான் எனக்குப் பிடிக்கும். தைத்தவர்கள் நின்று பேசுவார்கள்.

ஒரு முறை ஒரு கைப்பை பிடித்துப்போய், “புரட்டிப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். அந்த அம்மா தானே வாங்கி, பையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒரு பிசிறு நூல் இல்லை. ஒவ்வொரு ஓரத்தையும் மெல்லிய பட்டியால் மூடித் தைத்திருந்தார். கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரம், அதற்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு தையல். பாக்கெட்டின் மேல் மூலைகளில் நகக்கண் அளவுக்குச் சின்ன முக்கோணம். “கை விட்டு விட்டு எடுக்கும்போது இங்கேதான் முதலில் கிழியும்” என்று விரலை வைத்துக் காட்டினார். விலை அதிகமோ என்று எனக்கு இருந்த எண்ணம் அந்த நிமிடமே போய்விட்டது.

பொருளின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவது இந்தச் சந்தைகளில் நாம் செய்கிற பெரிய தவறு. சந்தையில் இருப்பதெல்லாம் கையால் செய்ததுதான் என்று நம்பிவிடுவதும் அதோடு சேர்ந்ததே. “நீங்களே தைத்ததா?” என்று தாராளமாகக் கேளுங்கள். தைத்தவருக்கு அந்தக் கேள்வி சந்தோஷத்தைத்தான் கொடுக்கும். லண்டனில் 1887-இல் தொடங்கிய ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’ கண்காட்சிச் சங்கம் அடுத்த ஆண்டு தன் முதல் கண்காட்சியை நடத்தியபோது, வடிவமைத்தவர் பெயரோடு கையால் செய்தவர் பெயரையும் பட்டியலில் போட்டது. யார் கை செய்தது என்பது அப்போதே முக்கியமாக இருந்திருக்கிறது.

ஸ்டால் முன்னால் நின்றுகொண்டு “இதை நானே தைத்துவிடுவேன்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள். தைக்கத் தெரிந்த நம்மைப் போன்றவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறோம். எதிரே இருப்பவர் காதில் அது விழும். கேட்காமல் போட்டோ எடுப்பதும் அப்படித்தான், அந்த வடிவம் பல இரவுகளின் உழைப்பாக இருக்கலாம்.

துணிப் பொம்மை வாங்கினால் கண்ணை இழுத்துப் பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பட்டன் கண் வேண்டாம், கழன்றால் வாய்க்குத்தான் போகும். நூலால் தைத்த கண்ணே நல்லது.

துணி வாங்கப் போகிறவர்கள் வீட்டிலேயே ஒரு சீட்டில் அளவுகளை எழுதிக்கொண்டு போவது நல்லது: மெத்தை உறை எவ்வளவு, ஜன்னல் அகலம் எவ்வளவு, எத்தனை மீட்டர் தேவை. அளவு இல்லாமல் அழகுக்காக வாங்கிய அரை மீட்டர்த் துண்டுகள் அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடக்கும், நிறையப் பேர் வீட்டில் கிடக்கின்றன. விற்பவரிடம் “இது நனைத்த துணியா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால், வீட்டுக்கு வந்த அன்றைக்கே துவைத்துக் காயப்போட்டு, மறுபடி அளந்து, அந்த அளவை ஒரு சீட்டில் எழுதித் துணியிலேயே குண்டூசியால் குத்தி வைத்துவிடுங்கள்.