புயலுக்குப் பின் மனோரிக் கழிமுகத்தில் ஃப்ளை தூண்டில்: புதியவர்களுக்கான செய்முறை

மும்பையின் மனோரிக் கழிமுகத்தில் ஃப்ளை தூண்டில், அதாவது முள்ளில் இறகோ மயிரோ கட்டிய செயற்கை இரையால் மீன்பிடிப்பது, பழக நினைக்கிறீர்களா? புயல் கரையைக் கடந்த மறுநாளே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். 2017 டிசம்பரில் ஒக்கி புயலின் அலைகள், நாம் கடலில் கொட்டிய குப்பையையெல்லாம் மும்பைக் கடற்கரைகளில் திருப்பிக் கொட்டின. அப்படிப்பட்ட நீரில் வீச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் பைதான் மாட்டும். வானிலைத் துறை மீனவர் எச்சரிக்கையை விலக்கியிருக்க வேண்டும். மும்பையின் பாரம்பரிய மீனவர்களான கோலிகளின் படகுகள் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கியிருக்க வேண்டும். இவை இரண்டும் நடந்த பிறகு நாளைக் குறியுங்கள்.

நாள் குறித்தல்

இதற்கு வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும், திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் கடல் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். கழிமுகத்தில் நீரோட்டம் ஆளை இழுக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் அஷ்டமி, நவமிதான் புதியவருக்கு ஏற்ற நாள்கள். அப்போது ஓட்டம் தணிந்திருக்கும். கடல் ஏற்றத்தின் உச்சமும் பெரும்பாலும் காலை ஆறு, ஏழு மணியை ஒட்டி வரும் என்பதால் காலை முழுவதும் வற்றம், அதாவது நீர் வடியும் நேரம், கிடைக்கும். சரியான நேரத்தை ஓத அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வற்றம் ஏன் முக்கியம்? மழைநீர் நிரம்பிய அலையாத்திக் காட்டு ஓடைகள் அப்போதுதான் வடியும். இறாலும் மடவைக் குஞ்சும் அந்த நீரோடு வெளியே அடித்துவரப்படும். வாய்க்காலின் கலங்கல் நீர் கடலின் தெளிந்த நீரைத் தொடும் இடத்தில் ஒரு கோடு தெரியும். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் பச்சை. இங்கே ஜிதாடா என்று பெயர்பெற்ற கொடுவாவும், ராவஸ் என்று விற்கப்படும் காலாவும் இரைக்காகக் காத்திருப்பது அந்தக் கோட்டை ஒட்டித்தான். விலை உயர்ந்த கருவிகளைவிட இந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கும் கண்ணையே நான் பெரிதாக மதிக்கிறேன். கரைக்கு வந்ததும் கோலைப் பூட்டாமல் கால் மணி நேரம் நீரைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

கருவிகள்

9 அடி நீளமுள்ள 8-ஆம் எண் கோல் (எந்த எடை நரம்புக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் எண்), உப்புநீரைத் தாங்கும் ரீல், அதற்குப் பொருந்தும் மிதக்கும் தூண்டில் நரம்பு. நரம்பின் முனையில் 20 பவுண்டு தாங்கும் 9 அடி நைலான் இழை. கொடுவாவின் செவுள் மூடி கத்தியைப் போல் அறுக்கும் என்பதால் கடைசி ஓரடிக்கு 40 பவுண்டு இழையை முடியுங்கள். ஃப்ளை வகைகளில் க்ளவுசர் மின்னோ ஒன்றிருந்தால் போதும். அமெரிக்கத் தூண்டில்காரர் பாப் க்ளவுசர் 1980களில் வடிவமைத்த இதில், கண்ணாக வைத்த உலோக மணிகளின் கனத்தால் முள் மேல்நோக்கித் திரும்பி நிற்கும். அடியில் அவ்வளவாகச் சிக்காது. தெளிந்த நீரில் வெள்ளை, கலங்கலில் கறுப்பு. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, நண்பரின் காதுக்கும் நல்லது.

வீசப் பழகுதல்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இங்கே ஃப்ளையின் கனம் அதற்குப் போதாது. தடித்த நரம்பின் எடைதான் அதைக் கொண்டுபோகிறது. ஆகவே முதலில் ஒரு மைதானத்தில், முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துணுக்கைக் கட்டிப் பழகுங்கள். கோலைப் பின்னால் வேகமாகக் கொண்டுபோய்த் தலைக்குச் சற்றுப் பின்னே சட்டென்று நிறுத்துங்கள். நரம்பு பின்புறம் முழுதும் நீளும்வரை பொறுங்கள். பிறகு முன்னால் வீசி, மறுபடியும் சட்டென்று நிறுத்துங்கள். வாசல் தெளிக்கும்போது கை நிற்கும் நொடியில் நீர் பறப்பதைப் போலத்தான் இதுவும். மணிக்கட்டை மடக்காதீர்கள். 12 மீட்டர் நேராக விழுந்தால் கடலுக்குப் போகலாம்.

கழிமுகத்தில்

தாராவி, மாட்டுங்கா, சயான் பக்கத்து நண்பர்கள் தாதரில் மேற்கு வழித்தட ரயிலுக்கு மாறி மலாடில் இறங்குங்கள். அங்கிருந்து மார்வே துறைக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ கிடைக்கும். படகில் ஏறினால் மனோரி. புயலுக்குப் பிறகு படகுச் சேவை நடக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். போனதும் அங்குள்ள கோலி மீனவர்களிடம் வலை எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கமே வீசாதீர்கள். அது அவர்களுடைய பிழைப்பு.

ஒருவருக்கொருவர் இருபது, இருபத்தைந்து மீட்டர் இடைவெளி விட்டு நில்லுங்கள். எல்லாரும் கண்ணாடி அணிய வேண்டும். வலக்கையால் வீசுபவர் காற்று இடப்பக்கமிருந்து வரும்படி நின்றால் முள் உடலை விட்டு விலகிப் பறக்கும். சேற்றில் இறங்காதீர்கள்; கால் புதைந்தால் எடுப்பது கடினம். கெட்டி மணலில், முழங்காலுக்கு மேல் போகாமல், தடித்த அடியுள்ள காலணியோடு நில்லுங்கள். பாதத்தைத் தேய்த்தபடியே நகர்ந்தால் மணலுக்குள் கிடக்கும் திருக்கை விலகிவிடும். ஏற்றம் திரும்பும் நேரத்துக்கு அலாரம் வைத்து, அது அடித்ததும் எல்லாரும் கரையேறுங்கள்.

கோட்டுக்கு அப்பால் வீசி, சற்று அமிழ விட்டு, இடக்கையால் சாண் சாணாக இழுங்கள், இடையிடையே நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் மீன் கடிக்கும். கடித்ததும் கோலை மேலே தூக்காதீர்கள். அதை மீனை நோக்கியே வைத்துக்கொண்டு இடக்கையால் நரம்பை அழுத்தி இழுத்தால் முள் ஏறும்.

கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் தொடாதீர்கள். முதுகிலும் பக்கத்திலும் உள்ள முட்களில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்திவைத்து மருத்துவரிடம் போங்கள். பெரிய கொடுவா கிடைத்தால் படமெடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள்.

வீடு திரும்பியதும்

கோல், ரீல், நரம்பு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மழைக்குப் பின் கழிமுகத்தில் நகரத்தின் சாக்கடை நீரும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் பரவுவது இத்தகைய நீரில்தான். காலில் புண் இருந்தால் அந்த வாரம் போகவே வேண்டாம். போய்வந்து இரண்டு, மூன்று வாரங்களுக்குள் யாருக்காவது காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். கழிமுக நீரில் நின்றதை அவரிடம் முதலில் சொல்லுங்கள்.