ஊர் வாசிகசாலையில் உயர்தர வகுப்பு: பொதுப் பணத்தைக் கேட்டு வாங்கும் முறை

இலங்கையில் பதினோராம் தரம் வரை பாடநூலை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தரங்களான உயர்தரத்துக்கு வந்ததும் அது நின்றுவிடுகிறது. பெரிய செலவு தொடங்குவதும் அங்கேதான். யாழ் நகரில் ரியூற்றரி என்ற தனியார் வகுப்பு, அதற்குப் பஸ், குறிப்புகளுக்குப் போட்டோப் பிரதி, பரீட்சை நெருங்கினால் கருத்தரங்கு. வேலணையிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து மாலை வகுப்புக்குப் போகும் பிள்ளை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கணக்கின் நடுவில் எழுந்து வருகிறது. நான் ஓய்வுபெறும்வரை இணைந்த கணிதம் படிப்பித்தவன். இப்போது எங்கள் ஊர் வாசிகசாலையை நடத்தும் சனசமூக நிலையத்தின் செயலாளர். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகக்கூடிய பிள்ளைகளுக்கு வகுப்பு ஊருக்குள்ளேயே நடக்க வேண்டும், அதற்குப் பொதுப் பணம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றச் சனசமூக நிலையங்களின் செயலாளர்களுக்காக, கேட்கும் முறையை எழுதுகிறேன்.

முதலில் யாருக்காகக் கேட்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். "வறிய மாணவர்களுக்கு உதவுக" என்று பொதுப்படையாகப் போகும் கடிதம் கோப்பிலேயே கிடக்கும். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்திலிருந்து பிறந்த 'அப்வர்ட் பவுண்ட்' என்ற திட்டம் இன்றும் மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது. அதை நடத்தும் நிறுவனம் சேர்க்கும் மாணவரில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர், வருமானம் குறைந்த குடும்பத்தவராகவும் பெற்றோரில் எவரும் பட்டம் பெறாதவராகவும் இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனையும் ஒரே பிள்ளைக்குப் பொருந்த வேண்டும். அந்தப் பணத்துக்கும் நமக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த வரையறையின் தெளிவு எனக்குப் பிடித்தது. எங்கள் பட்டியலையும் அப்படியே வகுத்தோம்: தாய், தகப்பன் இருவரும் பட்டதாரிகள் இல்லை, குடும்பம் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறுகிறது அல்லது வருமானத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்துகிறார்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டாதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டு வருமானம் ஊருக்குத் தெரிவதைவிட வகுப்பே வேண்டாம் என்று தோன்றும். விவரங்கள் செயலாளரின் கோப்பில் இருக்கட்டும். வெளியே போகும் கடிதத்தில் எண்ணிக்கை, பாடப்பிரிவு, பாடசாலை ஆகியவை போதும்.

அடுத்தது செலவைப் பிரிப்பது. மொத்தத் தொகையை எழுதி ஒரே இடத்தில் கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள். எது எந்த அலுவலகத்தின் வேலையோ அதை அங்கே கேட்க வேண்டும். பிரதேச சபையிடம் பொருளாகக் கேளுங்கள்: மேசை, வாங்கு, வெண்பலகை, மின்விளக்கு, நூலகத்துக்கு உயர்தரப் புத்தகம், கூரைத் திருத்தம். வாங்கிய பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறும், கணக்காய்வுக்கு வருபவர் கண்ணால் பார்க்கலாம். அதனால் கையெழுத்திடுபவருக்குத் தயக்கம் குறைகிறது. ஆசிரியருக்கான கொடுப்பனவு என்று எழுதினால் அதே கடிதம் பல மேசைகளில் நின்று நின்று போகும்.

ஆசிரியருக்கு வலயக் கல்வி அலுவலகத்தை நாடுங்கள். எங்களுக்குத் தீவக வலயம். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, யாழ்ப்பாணம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வலயங்கள் உண்டு. பணம் தாருங்கள் என்று தொடங்காமல், எந்தப் பாடத்துக்கு எந்த நாளில் வளவாளர், அதாவது வந்து படிப்பிக்கும் ஆசிரியர், வேண்டும் என்று எழுதுங்கள். கடிதம் பாடசாலை அதிபர் வழியாகப் போகட்டும். அதிபரைத் தாண்டிப் போனால் அவர் மனம் வருந்துவார். பிறகு மண்டபத் திறப்புக்கூடக் கிடைக்காது. வினாத்தாள் பிரதியெடுக்கும் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசித் தீர்க்கலாம்.

காலம் மிக முக்கியம். உள்ளூராட்சி சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் ஆண்டு முடிவதற்குள் சபையில் நிறைவேற வேண்டும். ஆகவே உங்கள் கடிதம் ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே சபையின் செயலாளரிடமும் தவிசாளரிடமும் இருக்க வேண்டும்; உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி. ஜனவரியில் போனால் ஒதுக்கீடு முடிந்திருக்கும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடுகிறவர்களுக்கு ஆறுதல் வார்த்தைதான் கிடைக்கும்.

கடிதத்தோடு இணைக்க வேண்டியவை: நிலையத்தின் பதிவுச் சான்றிதழ், வகுப்பு நடத்தத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கைப் பிரதி, கடைசி ஆண்டுக் கணக்கறிக்கை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், கேட்கும் பொருளுக்கு மூன்று கடைகளின் விலைமனு. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒப்படைத்ததும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மறுமுறை போகும்போது கடிதம் வந்ததற்கே சான்று இருக்காது. வகுப்பு தொடங்கியபின் வரவுப் பதிவேட்டை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு கேட்கும்போது, பெறுபேறு வருவதற்கு முன்பு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

வகுப்புக்கு வரும் பணம் ஒரு பக்கம். பிள்ளைக்கே உரிய பணம் இன்னொரு பக்கம். அதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதும் நிலையத்தின் வேலை. இந்த வீடுகளில் விண்ணப்பத்தை வாசிக்கத் தெரியாதவர்கள் குறைவு. அப்படியொரு விண்ணப்பம் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெற்ற பிள்ளையா, அந்த உதவித்தொகை ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 750 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்த்தினார்கள். சமுர்த்திக் குடும்பங்களின் உயர்தரப் பிள்ளைகளுக்கென்று தொடங்கப்பட்டது சிப்தொர புலமைப்பரிசில்; அதன் இப்போதைய நிலையைப் பிரதேச செயலகத்தின் சமுர்த்திப் பிரிவில் கேளுங்கள்.

பல்கலைக்கழகம் கிடைத்தால் மகாபொல புலமைப்பரிசில், அல்லது பர்சரி என்ற மாணவர் உதவித்தொகை. அதே 2025இல் மகாபொல மாதம் 5000 ரூபாயிலிருந்து 7500 ரூபாயாகவும், பர்சரி 4000 ரூபாயிலிருந்து 6500 ரூபாயாகவும் கூட்டப்பட்டன. இவை குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பவை என்பதால், கிராம அலுவலரின் சான்றும் வருமான விவரமும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பன்னிரண்டாம் தரத்திலேயே பாருங்கள். தகப்பன் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தால் திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும். பெறுபேறு வந்தபின் விண்ணப்பத்துக்குத் தரும் அவகாசமோ சில வாரங்கள் மட்டுமே.