‘சாஃப்ட்வேர் போட்டுவிடாதீர்கள்’ என்று முதலில் சொல்லுங்கள்

போனை மேசையில் வைக்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். கண்ணாடி உடைந்தவர்கள் அலட்சியமாகப் போடுவார்கள். உள்ளே இருந்தது போனவர்கள் இரண்டு கையாலும் வைப்பார்கள். “அண்ணாச்சி, பேக்கப் எடுக்கவில்லை” என்று குற்றத்தையும் அவர்களே ஒப்புக்கொண்டுவிடுவார்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பதினைந்து வருடமாக செல்போன் பழுது பார்க்கிறேன். திட்டுவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒரே கேள்விதான் கேட்பேன். எப்படிப் போனது? கை தவறி அழித்ததா, நனைந்ததா, உடைந்ததா, ரீசெட் ஆகி எல்லாம் துடைந்ததா?

கை தவறி அழித்திருந்தால் இணையத்தை அணைத்துவிட்டுப் போனைச் சும்மா விடுங்கள். புதுப்படம் எடுக்க வேண்டாம். ரெக்கவரி ஆப் எதையும் இறக்க வேண்டாம். முதலில் கேலரியின் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். சாம்சங் கேலரியிலும் ஐபோனிலும் அழித்த படம் 30 நாள் அங்கே கிடக்கும். கூகுள் போட்டோஸில், இணையத்துக்கு பேக்கப் ஆகி ஏறிய படம் 60 நாளும், ஏறாத படம் 30 நாளும் இருக்கும். போன எண்களுக்கும் இதே கதைதான்: கூகுள் கான்டாக்ட்ஸின் குப்பையில் 30 நாள்.

பிறகு ஒரு கணினியில் உட்கார்ந்து, உங்கள் ஜிமெயில் கணக்கு வழியாக கூகுள் போட்டோஸைத் திறங்கள். பழைய கணக்கு இருந்தால் அதையும். பேக்கப் எடுக்கவே இல்லை என்று நெல்லையப்பர் மேல் சத்தியம் செய்தவர்களின் படங்கள் அங்கே வரிசையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். போன் வாங்கிய அன்று கடைப்பையன் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘சரி’ தட்டியிருப்பான். அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

அங்கும் இல்லையென்றால் போனின் உள்நினைவகத்திலிருந்து மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபின் அதனுடன் வெளிவந்த போன்களில் ஒவ்வொரு கோப்பும் பூட்டப்பட்டே எழுதப்படுகிறது. அழித்த இடத்தையும் போன் தானே துடைத்துவிடும். ரீசெட் செய்தால் பூட்டின் சாவியே அழிந்துவிடும். சிப்பைக் கழற்றிப் படித்தாலும் வெறும் குப்பைதான் வரும். ‘ஆழமாகத் தேடுகிறேன்’ என்று சுற்றிச் சுற்றிக் காட்டும் ஆப்கள் கடைசியில் எடுத்துக் கொடுப்பது தபால்தலை அளவு சிறுபடங்களைத்தான். அதற்குப் பணமும் கேட்பார்கள். ரீசெட் ஆன போனைக் கொண்டு வருகிறவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை; ஒரு டீ சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

மெமரி கார்டு வேறு சாதி. கேமராவிலோ போனிலோ சாதாரணமாகப் போட்டிருந்த கார்டில், அழித்த படம் அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். ஆகவே உடனே கழற்றுங்கள். ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டு ரீடரில் செருகி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். மீட்கும் படங்களைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் சேமித்தால் தேடுவதையே மிதித்துவிடுவீர்கள். பெயரெல்லாம் போய் எண்களாக வரும். ஒரு கல்யாணத்துப் படங்களைப் பந்தி வேறு தாலி வேறு என்று பிரித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

உடைந்த திரை பெரிய விஷயமில்லை. படம் தெரிகிறது, தொடுகைதான் இல்லை என்றால் ஓடிஜி இணைப்பி (போனின் சார்ஜ் துளையில் யூஎஸ்பி சாமான்களைச் செருக உதவும் சிறு துண்டு) வாங்கி, கணினி மவுஸைச் செருகுங்கள். அம்புக்குறி வரும். போன் அணைந்து எழுந்திருந்தால் முதல் முறை விரல்ரேகை எடுபடாது, பூட்டைத் திறக்கும் பின் (PIN) எண்ணோ, கோடு இழுக்கும் பேட்டர்னோ தெரிந்திருக்க வேண்டும். திரை முழுக்கக் கறுப்பென்றால், கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் டிஸ்ப்ளேயைக் கொஞ்ச நேரம் மாட்டிப் படங்களை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

நனைந்த போனைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. அடுத்த வாரம் என் மேசைக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் அரிசி ஒட்டியிருந்தது. அரிசிக்குள் புதைத்தால் ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். உள்ளே போர்டுக்கு, அதாவது சிப்புகள் பதித்த மின்பலகைக்கு, அடியில் நிற்கும் சேற்றுநீரை அரிசி என்ன செய்யும்? சார்ஜ் துளையில் மாவுதான் அடைத்திருந்தது. அதைவிடக் கேடு, ‘உயிர் இருக்கிறதா பார்ப்போம்’ என்று சார்ஜில் போட்டது. ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் போர்டு அரிக்கும். அந்த நிமிடமே சில போன்கள் செத்திருக்கின்றன. அணைத்துவிடுங்கள். சிம் தட்டைக் கழற்றுங்கள். ஆன் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். அன்றே கடைக்குக் கொண்டுபோனால் பிரித்து, சீக்கிரம் காய்ந்துவிடும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் போர்டைக் கழுவுவோம்.

கடைக்குப் போனதும் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது இது: “எனக்குப் போன் வேண்டாம், உள்ளே இருப்பது வேண்டும். சாஃப்ட்வேர் போட்டுவிடாதீர்கள்.” சொல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் போனை எழுப்பிக் காட்டத்தான் பார்ப்பார்கள். புதிதாக சாஃப்ட்வேர் ஏற்றுவார்கள், அல்லது வேறு போர்டு மாற்றுவார்கள். போன் பளிச்சென்று எழுந்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. படங்கள் இருக்கும் சிப்பும் அதைத் திறக்கும் சாவியும் அந்தப் பழைய போர்டில்தான் இருக்கின்றன. ஒரு தடவையாவது அதே போர்டை உயிர்ப்பிக்க வேண்டும்.

இனி வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டில் அது தினமும் இரவு 2 மணிக்குச் செய்திகளின் நகல் ஒன்றைப் போனுக்குள்ளேயே எடுத்துவைக்கிறது. ஏறக்குறைய ஏழு நாள் நகல்கள் இருக்கும். உள்நினைவகத்தில் ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் com.whatsapp, அதற்குள் வாட்ஸ்அப் என்று போனால் டேட்டாபேஸஸ் என்ற ஃபோல்டர் தெரியும். எதையும் தொடுமுன் அந்த வாட்ஸ்அப் ஃபோல்டர் முழுவதையும் கணினிக்கு நகல் எடுங்கள். பிறகு வேண்டிய தேதியுள்ள கோப்பின் பெயரிலிருந்து தேதியை நீக்கி, புதிய நகலின் பெயரையே அதற்கு வையுங்கள். வாட்ஸ்அப்பை நீக்கி மீண்டும் நிறுவுங்கள். சில போன்களில் நீக்கும்போது அந்த ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும்; போயிருந்தால், வாட்ஸ்அப்பைத் திறக்குமுன் கணினியிலுள்ள நகலில் அதே பெயர் மாற்றத்தைச் செய்து பழைய இடத்தில் வையுங்கள். அதே எண்ணில் நுழைந்தால் ‘மீட்கவா’ என்று கேட்கும். அந்தத் தேதிக்குப் பின் வந்த செய்திகள் போய்விடும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

இது எழுத்துக்கு மட்டும். படமும் குரலும் தனி ஃபோல்டர்களில் இருக்கின்றன. அதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த ஓர் அக்கா. அவருடைய அம்மா இறந்து ஒரு வருடம். அம்மா அனுப்பிய குரல்செய்திகளை வைத்திருந்தார். போனில் இடமில்லை என்று மகன் அந்த உரையாடலை மீடியாவோடு சேர்த்துத் துடைத்துவிட்டான். வந்தது பத்து நாள் கழித்து. இரவு நகல்களும் மாறிவிட்டிருந்தன. அவர் போனில் ஒன்றுமே இல்லை.

“அம்மாவின் போன் எங்கே, அக்கா?” என்று கேட்டேன். அனுப்பியவர் போனிலும் குரல் ஒரு பிரதி இருக்குமே. பீரோவில் கிடப்பதாகச் சொன்னார். மறுநாள் கொண்டு வந்தபோது பேட்டரி உப்பிப் பின்மூடி பிதுங்கியிருந்தது. வேறு பேட்டரி மாட்டி எழுப்பினேன். பேட்டர்ன் கேட்டது. அக்காவுக்குத் தெரியவில்லை. தலைகுனிந்து நின்ற பையன்தான் சொன்னான்: “ஆச்சி ‘ட’ போடுவார்கள், மாமா.” மேலிருந்து கீழே, கீழிருந்து வலப்பக்கம். திறந்துகொண்டது.

வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டருக்குள் வாரவாரியாகச் சிறு ஃபோல்டர்கள், ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதி. சரிபார்க்க ஒன்றை ஓடவிட்டேன். அப்பளம் காயப்போட்டிருப்பதாகவும் மேற்கே மழை கறுத்திருப்பதாகவும் ஒரு குரல் சொன்னது. இரண்டு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். ஒன்று அக்காவுக்கு, ஒன்று மும்பையில் இருக்கும் அவர் தம்பிக்கு.