இணையத்தில் வீட்டு பெர்மிட்: கேரள எல்லைத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் கட்டட அனுமதிக்கு இப்போது கே-ஸ்மார்ட் என்ற உள்ளாட்சிச் சேவை இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜனவரி 1-இல் நகராட்சி, மாநகராட்சிகளில் தொடங்கி, 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமும், மூணாறு, பீர்மேடு மலைப்பக்கமும் வீடு கட்ட நினைக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இதனால் ஒரு பெரிய மாற்றம். முன்பெல்லாம் பஞ்சாயத்து ஆபீசில் காகிதக் கட்டை நீட்டினால், பழகிய கிளார்க் புரட்டிப் பார்த்து, "இது சரியில்லை, வில்லேஜ் ஆபீசுக்குப் போய்ட்டு வாங்க" என்று அங்கேயே சொல்லிவிடுவார். அந்தப் பார்வை இப்போது இல்லை. குறையை நாம்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும்.

பலரும் கம்ப்யூட்டர் தெரியாததுதான் சிக்கல் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் படிவத்தை நன்றாகவே நிரப்பித் தருகிறார்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான். எல்லைப்புறத்தில் அப்படி ஒத்துப்போகாமல் இருக்க ஏகப்பட்ட காரணம் உண்டு.

முதலில் பெயர். பழைய கிரய ஆதாரத்தில் (பத்திரத்தில்) ஆறுமுகம் என்று இருக்கும். கரம் (நிலவரி) கட்டின ரசீதில் மலையாள வழக்கப்படி ஆறுமுகன் என்று இருக்கும். ஆதார் அட்டையில் இனிஷியல் முன்னால் வரும், வேறொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வரும், இன்னொன்றில் வீட்டுப் பெயரும் சேர்ந்துகொள்ளும். நேரில் போனால் எல்லாம் ஒரே ஆள் என்று யாருக்கும் புரியும். ஆனால் நம்மை நேரில் பார்க்காமல் கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு அது மூன்று ஆள். விண்ணப்பம் போட்ட பிறகு இதற்காக ஓடுவது பெரிய அலைச்சல். போடும் முன்னே எல்லாக் காகிதத்தையும் ஒரு மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எல்லாம் ஒரே ஆள்தான் என்று சொல்லும் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட்டை வில்லேஜ் ஆபீசில் வாங்கி விண்ணப்பத்தோடே இணையுங்கள். அப்பா பெயரிலேயே கரம் கட்டிக்கொண்டிருக்கும் சொத்தாக இருந்தால் அந்தச் சான்று போதாது. தண்டப்பேர் (வில்லேஜ் ஆபீசில் உள்ள நிலவரிக் கணக்கு) உங்கள் பெயருக்கு மாறிய பிறகுதான் பெர்மிட் பேச்சு.

அடுத்தது மண்ணின் வகை. அதிகப் பணத்தையும் மாதங்களையும் தின்பது இதுதான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று போட்டிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டத் தக்கது 'புரையிடம்'. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் முப்பது வருஷமாகத் தென்னை நிற்கிற தோட்டம்கூடப் பதிவில் நிலமாகவே கிடக்கலாம். 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த இடம் டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல், ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்திருந்தால், முதலில் படிவம் 5 கொடுத்து அதிலிருந்து நீக்க வேண்டும். கிருஷி பவனிலிருந்து வேளாண் அலுவலர் இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். அப்புறம் வகைமாற்றத்துக்குத் தனி விண்ணப்பம்: 50 சென்ட் வரை படிவம் 6, அதற்கு மேல் படிவம் 7. இவை போவது வருவாய்த் துறைக்கு, ஆர்.டி.ஓ.விடமோ அந்த அதிகாரம் பெற்ற டெபுடி கலெக்டரிடமோ. பஞ்சாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இணையதளமும் வேறு. பிளான் வரைந்து, பணம் கட்டி, கல் மண் இறக்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இடம் வாங்க அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வில்லேஜ் ஆபீசில் போய் இது நிலமா புரையிடமா, டேட்டா பேங்கில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அளவு விஷயம் சின்னது, ஆனாலும் தடுக்கும். நாம் பேசுவது சென்ட், சதுர அடி. பதிவில் இருப்பது ஆர், சதுர மீட்டர். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். 5 சென்ட் இடம் 2.02 ஆர் என்று வரும். பத்திரத்தில் உள்ள அளவையே நம்பிப் பிளான் போடாமல், இடத்தை அளந்து பார்த்துப் போடச் சொல்லுங்கள். ரோட்டுக்கு விட்டது, வரப்பு நகர்ந்தது எல்லாம் அப்போதுதான் தெரியும்.

இப்போது போன் நம்பர். அவசரத்தில் அக்ஷயா சென்டர் நம்பரையோ இன்ஜினியர் நம்பரையோ கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். குறை சுட்டிக்காட்டும் செய்தி அந்தப் போனுக்குப் போகும். அவருக்கு நூறு கோப்பு. வீட்டுக்காரரோ "பஞ்சாயத்தில் இழுத்தடிக்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டு காத்திருப்பார். பஞ்சாயத்து இவர் பதிலுக்குக் காத்திருக்கும். பெர்மிட் வந்ததோடும் வேலை முடியாது. வீடு முடிந்ததும் கம்ப்ளீஷன் பிளான் கொடுத்து, குடியிருப்புச் சான்று வாங்கி, வீட்டு நம்பர் வாங்க வேண்டும். பெர்மிட்டுக்கு ஐந்து வருஷம் ஆயுள். அதற்குள் இன்ஜினியர் மாறலாம், சென்டர் மூடலாம். உங்கள் பெயரில், உங்கள் ஆதாரோடு இணைந்த போனில் கணக்கு இருக்கட்டும். போன் பார்க்கத் தெரியாத பெரியவர் என்றால் வீட்டிலேயே ஒரு பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியில் இருக்கும் மச்சான் சொன்னதை இங்கே பின்பற்றுவதும் வழக்கமான தவறு. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த, விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு. கேரளத்தில் சுயசான்று பெர்மிட்டுக்குக் கணக்கு வேறு: வீட்டின் பரப்பு 300 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 3,229 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். பட்டா, சிட்டா இங்கே செல்லாது. கரம் ரசீதும் கைவசச் சான்றும்தான் கேட்பார்கள். அந்தப் பக்கத்து இன்ஜினியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கேரளத்தில் பதிவு பெற்ற லைசென்சி (பிளான் போட உரிமம் உள்ளவர்) வழியாகத்தான் பிளான் போக வேண்டும்.

சுயசான்றில் பெர்மிட் உடனே வந்துவிடுவதால் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று சிலர் துணிந்துவிடுகிறார்கள். அது ஆபத்து. விதிப்படிதான் கட்டுகிறோம் என்று வீட்டுக்காரரும் லைசென்சியும் கையெழுத்திட்டுக் கொடுப்பதுதான் அந்தச் சான்று. பக்கத்து வேலியிலிருந்து விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டினால், வீட்டு நம்பர் கேட்கும்போது மாட்டிக்கொள்வோம். சுவர் எழும்பிய பிறகு அரை மீட்டரை எங்கிருந்து கொண்டுவருவது?

மலைப்பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இடுக்கியில் 1964-ஆம் ஆண்டு நிலப்பதிவு விதிப்படி கொடுத்த பட்டயங்களில் (அரசு நிலம் ஒதுக்கிய ஆவணங்களில்) எந்தக் காரியத்துக்காக அந்த இடம் கொடுக்கப்பட்டது என்று இருக்கும். மூணாறு பகுதியில் வருவாய்த் துறையின் ஆட்சேபனை இல்லாச் சான்றும் தேவை. பஞ்சாயத்துப் படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது என்பதற்காக இவை தீர்ந்ததாக நினைக்க வேண்டாம்.

தவறு நம் பக்கம் மட்டும் இல்லை. சேவையை இணையத்துக்கு மாற்றும்போது ஆபீஸ்களும் சில காரியங்களைச் செய்யாமல் இருக்க வேண்டும். உதவி கேட்டு வருபவரை "எல்லாம் ஆன்லைன்தான்" என்று திருப்பி அனுப்புவது அதில் முதலாவது. விண்ணப்பம் இணையத்தில் போகட்டும், விளக்கம் சொல்ல ஒரு ஆள் ஆபீசில் இருக்கட்டும். குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்வது இன்னொன்று. ஒன்றைத் திருத்திக் கொடுத்தால் அடுத்தது வருகிறது. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகிறது. எல்லாக் குறையையும் ஒரே செய்தியில் சொல்லிவிடலாமே.

மொழியும் அப்படித்தான். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் தமிழர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. காகிதத்துக்கு இருந்த உரிமை திரையில் காணாமல் போகக் கூடாது. குறை அறிவிப்புகளும் செய்திகளும் தமிழில் வர வேண்டும், அக்ஷயா சென்டரில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். இதைக் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். வாயால் சொல்வதோடு விடாமல் தமிழில் எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வார்டு மெம்பரிடம் முன்பே ஒரு நகல் கொடுத்துவிட்டால் அவர் பேச வசதியாக இருக்கும்.