பள்ளி விளையாட்டு விழாவுக்கு 200 மீட்டர் ட்ராக் போடுவது எப்படி?

ஆண்டு விளையாட்டு விழாவில் கிளம்பும் தகராறு பெரும்பாலும் ஒன்றுதான்: "நாலாவது லேன்ல ஓடின என் பிள்ளைக்குத் தூரம் கூடுதல்." பல பள்ளிகளில் இந்தப் புகார் நியாயமானதும்கூட. நடுநிலைப் பள்ளிகளில் ட்ராக் போடும் வேலை உடற்கல்வி தெரியாத ஆசிரியர் தலையிலும் விழும் என்பதால், கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

கணக்கு

200 மீட்டரை இப்படிப் பிரிக்கிறோம்: இரண்டு நேர்ப்பகுதிகள், தலா 40 மீட்டர். இரண்டு அரைவட்டங்கள், தலா 60 மீட்டர். 60-ஐ 3.1416-ஆல் வகுத்தால் 19.10. இது ஓடுபவரின் கால் போகும் பாதையின் ஆரம். கோட்டை ஒட்டியே யாரும் ஓடுவதில்லை. உள்பக்கம் உயரமான விளிம்பு இருந்தால் 30 செ.மீ. தள்ளி, வெறும் கோடு மட்டும் இருந்தால் 20 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும் என்பது விதி. நம் மண் மைதானத்தில் கோடுதான். ஆகவே அரைவட்டம் கீறும் கம்பியின் நீளம் 18.90 மீட்டர்.

ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். நான்கு லேன் போட 87.56 மீட்டர் நீளமும் 47.56 மீட்டர் அகலமும் வேண்டும். சுற்றிலும் இரண்டு மீட்டராவது காலியாக இருக்கட்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் 150 மீட்டர் ட்ராக் போடலாம்: நேர்ப்பகுதி 30 மீட்டர், கம்பி 14.12 மீட்டர், மொத்த இடம் 68-க்கு 38. வளைவை நசுக்கி முட்டை வடிவத்தில் 200-ஐத் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சாமான்கள்

50 மீட்டர் டேப், 12 மி.மீ. கம்பியில் வெட்டிய இரண்டு அடி முளைகள் ஆறு, சம்மட்டி, நீளாத இரும்புக் கம்பி (கட்டுக்கம்பி போதும்), நீளமான ஆணி, சணல், கோலமாவு. கோடு 5 செ.மீ. அகலம், 1 மி.மீ. கனம் என்று வைத்தால் நான்கு லேனுக்கு ஏறக்குறைய 55 லிட்டர் மாவு பிடிக்கும். 25 கிலோ மூட்டை மூன்று வாங்கி வைத்தால் கவலையில்லை. சுண்ணாம்பு வேண்டாம். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் விழுந்தால் கண்ணிலும் சிராய்ப்பிலும் பட்டு எரியும்.

முளை அடித்தல்

மைதானத்தின் நடுவில், நீளவாட்டில், 40 மீட்டர் இடைவெளியில் A, B என்று இரண்டு முளைகள் அடியுங்கள். இவைதான் இரு அரைவட்டங்களின் மையம். இரண்டிலிருந்தும் செங்குத்தாக இருபுறமும் 18.90 மீட்டரில் ஒவ்வொரு முளை. செங்கோணத்துக்கு 6-8-10 முக்கோணம் போடுங்கள்: மையக்கோட்டில் 8 மீட்டர், பக்கவாட்டில் 6 மீட்டர், குறுக்கே 10 மீட்டர் வந்தால் சரி. கடைசியில் நான்கு வெளி முளைகளின் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் 55.03 மீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் செவ்வகம் சாய்ந்திருக்கிறது. கோடு போடும் முன்பே திருத்திவிடுங்கள்.

வளைவு கீறுதல்

இங்கேதான் ட்ராக் கெடும். நைலான் கயிறும் தேங்காய்நார்க் கயிறும் இழுக்க இழுக்க நீளும். ஆரத்தில் 10 செ.மீ. நீண்டால் ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. கூடிவிடும். அதனால்தான் கம்பி. கம்பியை முளையில் இறுக்கிக் கட்டினால் சுற்றி வரும்போது அது முளையிலேயே சுருண்டு ஆரம் குறையும்; தளர்வான வளையமாக மாட்டுங்கள். ஒருவர் முளை சாயாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கம்பி நுனியில் கட்டிய ஆணியைச் செங்குத்தாக வைத்து மண்ணைக் கீறியபடி நடக்க வேண்டும். தரை இறுகியிருந்தால் முந்தைய நாள் மாலை தண்ணீர் தெளித்து வையுங்கள்.

அடுத்தடுத்த கீறல்களின் ஆரம் 20.12, 21.34, 22.56, 23.78. இரு அரைவட்டங்களின் முனைகளையும் சணல் இழுத்து நேராக இணைத்தால் ட்ராக்கின் உருவம் வந்துவிடும்.

மாவு போடும்போது கீறலுக்கு உள்பக்கமாக 5 செ.மீ. அகலத்தில் போடுங்கள், மேலே அல்ல. கீறல்தான் அளவு, மாவு அதைக் காட்டுவதற்கு மட்டும். கீறலை முந்தைய நாளே முடித்துவிட்டு, மாவை விழா அன்று விடிகாலையில் போடுவது நல்லது. காற்றடித்தோ மழை பெய்தோ மாவு போனாலும் கீறல் நிற்கும்.

ஸ்டேக்கர் (தொடக்கக் கோட்டை லேனுக்கு லேன் முன்தள்ளிப் போடுவது): தகராறின் வேர்

நேர்ப்பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில், நான்கு லேனுக்கும் பொதுவாக முடிவுக் கோடு. ஓட்டம் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. மைதானத்தின் நடுப்பகுதி ஓடுபவரின் இடது கைப்பக்கம் இருக்கும். 200 மீட்டருக்கு முதல் லேன் முடிவுக் கோட்டிலிருந்தே புறப்படும். மற்றவர்கள் முன்னால் தள்ளி நிற்க வேண்டும். எவ்வளவு? 2 × 3.1416 × 1.22, அதாவது லேனுக்கு 7.67 மீட்டர். ஆரம் இந்தக் கணக்கில் வராததால் 150 மீட்டர் ட்ராக்கிலும் ஒரு முழுச் சுற்றுக்கு இதே அளவுதான்.

கையேடுகளில் இரண்டாவது லேனுக்கு 7.04 என்று பார்த்திருப்பீர்கள். அது உயர விளிம்பு வைத்த ட்ராக்குக்கு. கோலமாவுக் கோட்டுக்கு அதை எடுத்தால் இரண்டாவது லேன்காரர் 63 செ.மீ. அதிகமாக ஓடுவார்.

7.67-ஐ டேப்பில் நேராக இழுத்து அளப்பது அடுத்த தவறு. அது வளைந்த தூரம். வளைவில் டேப்பை மடக்கிப் பிடிப்பது சிரமம் என்பதால், 200 மீட்டர் ட்ராக்குக்கான நேர் அளவுகள் இதோ: இரண்டாவது லேன் 7.55, மூன்றாவது 14.87, நான்காவது 21.84 மீட்டர். முடிவுக் கோடு அந்தந்த லேனின் உள்கீறலைத் தொடும் புள்ளியில் டேப்பின் பூஜ்ஜியம். அங்கிருந்து அதே கீறலின் மேல் இந்த அளவு விழும் இடத்தைக் குறியுங்கள். பிறகு அந்த வளைவின் மைய முளையிலிருந்து குறிவரை சணலை இழுத்து, அதன் போக்கிலேயே லேனைக் கடந்து தொடக்கக் கோடு போடுங்கள். கண்மதிப்பில் சாய்த்துப் போட்டால் ஒரே லேனில் இடது காலுக்கும் வலது காலுக்கும் தூரம் மாறும்.

100 மீட்டரை நேராக ஓட்ட இடமில்லையென்றால், எதிர்ப்புற நேர்ப்பகுதி முடியும் இடத்தில் தொடங்குங்கள். ஒரு வளைவுதான் என்பதால் லேனுக்கு 3.83 மீட்டர் தள்ளினால் போதும். இதுவும் வளைந்த தூரமே. டேப்பைக் கீறலுக்கு 20 செ.மீ. வெளியே ஆணிகளில் அணைத்து அளந்துகொள்ளலாம்.

விழா அன்று

பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஷாமியானா கயிற்று முளை கடைசி லேனிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி. சிறப்பு விருந்தினர் நாற்காலிகள் முடிவுக் கோட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், ஓடி வருபவர் நிற்க வேண்டிய பாதையில் அல்ல. குறிஞ்சி, முல்லை என்று நான்கு அணிகளும் மார்ச் பாஸ்ட் வந்தால் முதல் சுற்றிலேயே மாவுக் கோடு காலில் ஒட்டிப் போய்விடும். அணிவகுப்பை நாலாவது லேனுக்கு வெளியே திருப்பிவிடுங்கள். சாக்கு ஓட்டம், லெமன் ஸ்பூன், கயிறு இழுத்தல் எல்லாவற்றுக்கும் நடுவில் 40-க்கு 37 மீட்டர் கிடக்கிறது.

முதல் ஓட்டத்துக்கு முன் வெளி முளைகளைப் பிடுங்கிவிடுங்கள். A, B இரண்டையும் பிடுங்காமல் தரைக்குக் கீழே இறங்கும்வரை அடித்து மண் மூடுங்கள். கொடிக்கம்பத்திலிருந்தும் சுவர் மூலையிலிருந்தும் அவற்றின் தூரத்தை அளந்து விளையாட்டுப் பொருள் பதிவேட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தால், அடுத்த வருடம் கம்பியோடு நேராக வளைவுக்கே போய்விடலாம்.