பாத எக்ஸ்ரேயில் தெரியும் துண்டு முறிவா, துணை எலும்பா?

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் பாதயாத்திரை சென்று திரும்பியவர்களில் சிலர், காரைக்குடியில் கால்வலிக்காக எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதுண்டு. எங்கள் ஆச்சியின் படத்தில் கணுக்காலுக்குப் பின்னே தனித்துத் தெரிந்த துண்டு, முறிவால் வராமல் இயல்பாகவே அமைந்த 'ஆஸ் ட்ரைகோனம்' என்னும் துணை எலும்பு, அதாவது சிலருக்கு மட்டும் கூடுதலாக இருக்கும் சிறு எலும்பு. அதை அறிய உதவிய வரிசையை, ரேடியோகிராபியும் பிசியோதெரபியும் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. மூலப் படத்தையே பாருங்கள். வாட்ஸப்பில் வந்த படத்தை நான் ஏற்பதில்லை. முடிவு செய்ய உதவும் மெல்லிய வெள்ளை விளிம்பு அதில் மங்கிவிடும். படம் பதிந்த சிடி வட்டைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பதே சிறந்தது.

2. விளிம்பைச் சுற்றி வாருங்கள். துணை எலும்பு வழவழப்பாக, சுற்றிலும் வெள்ளை விளிம்போடு இருக்கும். புதிய முறிவில் உடைந்த பக்கம் கூர்மையாகவும் ஒழுங்கற்றும் இருக்கும். அங்கே அந்த வெள்ளை விளிம்பு இராது. கூடாமல் போன பழைய முறிவும் வழவழப்பாகிவிடும் என்பதால் இந்த ஒரு படியோடு நிறுத்திவிடக் கூடாது.

3. இடத்தைப் பாருங்கள். துணை எலும்புகளுக்கென்று வழக்கமான இடங்கள் உண்டு. பாதத்தின் உட்புறம் நாவிகுலர் என்னும் எலும்பின் அருகே துணை நாவிகுலரும், வெளிப்புறம் கியூபாய்டு எலும்பின் அருகே தசைநாணுக்குள் 'ஆஸ் பெரோனியமும்' அமையும்.

4. குழப்பம் மிகுந்த இடம் ஐந்தாம் மெட்டாடார்சலின், அதாவது சுண்டுவிரலுக்குப் பின்னே உள்ள நீள எலும்பின், அடிப்பகுதி. வளரும் பிள்ளைகளுக்கு அங்கே தனி வளர்ச்சி மையம் ஒன்று தோன்றிப் பின்னர் ஒட்டிக்கொள்ளும். அதன் கோடு எலும்பின் நீளவாக்கில் ஓடும். முறிவுக் கோடு பெரும்பாலும் குறுக்கே வெட்டும். ஆகவே கோடு இருக்கிறதா என்பதைவிட, அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையே முதலில் கேளுங்கள். பெரியவர்களிடம் அரிதாக 'ஆஸ் வெசாலியானம்' என்னும் துணை எலும்பும் அதே இடத்தில் இருக்கக்கூடும்.

5. படத்தில் துண்டு தெரியும் இடத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். வலி வேறிடத்தில் இருந்தால், துண்டு வலிக்குக் காரணமாக இருப்பது ஐயத்துக்குரியது. மறுகாலின் படம் துணை செய்யும். ஆனால் துணை எலும்பு இரு கால்களிலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

பின்சேர்க்கை: பெருவிரலுக்கு அடியிலுள்ள செசமாய்டு என்னும் சிறு எலும்பு இரண்டாகத் தெரிவதைப் பற்றித் தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இயல்பிலேயே இரண்டாக அமைந்தவற்றைச் சேர்த்தால், வழக்கமான ஒற்றைச் செசமாய்டைவிடப் பெரியதாக இருக்கும். முறிந்த துண்டுகளோ ஒன்றோடொன்று பொருந்தி அந்த ஒற்றைச் செசமாய்டின் அளவுக்கே வரும்.

துணை எலும்பே அடிபட்டு வலிப்பதும் உண்டு, எம்.ஆர்.ஐ.யில் எலும்பு மச்சையின் வீக்கம் அதைக் காட்டிக்கொடுக்கும். நெடுநடையால் வரும் அழுத்த முறிவு முதல் 2, 3 வாரங்கள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஆகவே படம் தெளிவாக இருந்தும் வலி நீடித்தால், எலும்பு மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.